ஒரு பகற்பொழுதுக் கடற்கரை

லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர் பலருக்கு நெடுங்காலம் கடல் என்பது ஒரு பகற்பொழுதுக் காட்சியே. பிளாக்பூலுக்கு 1846-இல் ரயில் வந்தது. 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் பிறந்தது. முதல் உலகப் போருக்குப்பின், படையினர் கழித்த லாரிகளில் பெஞ்சுகளைப் பொருத்தி 'ஷாரபாங்க்' என்னும் திறந்த மோட்டார் வண்டிகளாக்கினர். மழைக்குக் கித்தான் கூரை. கட்டி ரப்பர்ச் சக்கரங்களோ எலும்பை உலுக்கும். ஆயினும், தெருமுனையிலேயே ஏறி அண்டை வீட்டாரோடு பாடிக்கொண்டு போகலாமன்றோ! 1894-இல் திறக்கப்பெற்ற இரும்புக் கோபுரம் தொலைவில் தென்பட்டதும் குழந்தைகள் ஆர்ப்பரிப்பர்.

நம் கைத்தறியை நலிவித்த துணி இவ்வாலைகளில் நெய்ததே. ஆனால் நெய்தவர்க்கும் ஓய்வு எளிதிற் கிட்டவில்லை. ஆலை மூடிய நாட்களுக்குக் கூலியில்லை; பயணச் செலவை வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்தனர். ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்குச் சட்டம் 1938-இல்தான் வந்தது. மறு ஆண்டே போர் மூண்டது.