கடல் கடந்து வந்த கம்பி இசை

பழைய இந்தித் திரைப்பாடல்களில் விம்மிக் குழையும் ஹவாயன் கிட்டாரின் ஒலியில் மயங்கியவர்கள் நாம். அது யார் வழியே இங்கு வந்தது என்று வினவியவர் சிலரே.

ஹவாய்த் தீவுகளில் லாயி என்னும் ஊரினரான ஜோசப் கெகுகு, பள்ளிச் சிறுவராக இருந்தபோதே, கம்பிகள் மீது எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையைக் கண்டார் என்பர். நம் கோட்டுவாத்தியக் கலைஞர் மரத்துண்டால் செய்வதும் ஏறத்தாழ இதுவே!

அதே லாயியில் வளர்ந்தவர் டாவ் மோ. 1908இல் சமோவாவில் பிறந்தவர். 1928இல் ஓர் இசைக்குழுவோடு மனைவி ரோஸும் தாமுமாகக் கப்பலேறினார். 1929இல் டோக்கியோவில் இசைத்தட்டுகள் பதித்தனர். நாடு நாடாகச் சுற்றியவர்களுக்கு, 1941 முதல் 1947 வரை, கல்கத்தா வீடாயிற்று. பஞ்சத்தையும் கலவரத்தையும் கண்ட அந்நகரில் அவர் வாசித்தார், கற்றும் கொடுத்தார்.

அக்கருவி வங்காளிகளின் சொந்தக் கருவியாகவே ஆயிற்று. 1942இல் நோயுற்றுப் பேச்சிழந்தார் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம். அவருடைய பாடல்களை மகன் காஜி அனிருத்தா அதே கிட்டாரில் இசைத்தார். தந்தையின் நா அடங்கியிருக்க, மைந்தனின் கம்பி பேசியது. மைந்தரோ 1974இல், தந்தைக்கு முன்பே மறைந்தார்.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய குடும்பத்தினரான நமக்கு, டாவ் மோவின் நெடும்பயணத்தை விளக்க வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்குப்பின் லாயி திரும்பினார். 1980களில், இளம் கலைஞர் பாப் பிராஸ்மனோடு அமர்ந்து, தம் பழைய இசைத்தட்டுப் பாடல்களை மீண்டும் பதித்தார். ரோஸ் அம்மையாரே மறுபடியும் பாடினார்.