மெரினா நினைவிடங்கள்

சென்னை மெரினா கடற்கரையின் வடகோடியில், காமராஜர் சாலைக்கும் மணற்பரப்புக்கும் நடுவே, தமிழ்நாட்டின் முதலமைச்சர்களாக இருந்த நால்வர் அடக்கம் செய்யப்பட்ட இடம். சி. என். அண்ணாதுரை (1969), எம். ஜி. இராமச்சந்திரன் (1987), ஜெ. ஜெயலலிதா (2016), மு. கருணாநிதி (2018) ஆகியோர் இங்கே உள்ளனர். அரசு ஆவணங்களில் இது நினைவிடம். மக்கள் வாயில் ‘அண்ணா சமாதி’, ‘எம்.ஜி.ஆர். சமாதி’.

பெரிய முதலியார்சாவடி, மரக்காணம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்கு வருகிற சுற்றுலா வேன்கள் பெரும்பாலும் இங்கே நின்றுதான் போகும். முதலியார்சாவடிக்காரர்களுக்குப் புதுச்சேரி ஆசிரமத்தில் உள்ள அரவிந்தர் சமாதி பக்கம்தான். 1950 டிசம்பர் 9 அன்று அரவிந்தரும், 1973இல் ஆசிரமத்தின் அன்னையும் அடக்கம் செய்யப்பட்ட அந்த முற்றத்தில் பேச்சுக்கே இடமில்லை. மெரினாவோ பேச்சும் அழுகையும் கோஷமும் கலந்த இடம்.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் 1.5 கோடிப் பேர் திரண்டதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, மணலில் அவரை அடக்கம் செய்தார்கள். சிதை மூட்டிச் சடங்கு செய்யும் வழக்கத்தைத் திராவிட இயக்கம் ஏற்றதில்லை. 1973இல் பெரியாரும் வேப்பேரி பெரியார் திடலில் புதைக்கப்பட்டார். மாண்டவரை மண்ணில் வைத்து, அந்த இடத்தில் கல் நட்டு வணங்கிய நடுகல் மரபு தமிழ் மண்ணுக்குப் பழையது. பகுத்தறிவு இயக்கம் சடங்கைத் தள்ளிய இடத்தில் அந்தப் பழைய மரபு தானாக வந்து அமர்ந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். பிறப்பால் ஐயங்காரான ஜெயலலிதாவையும் எரிக்காமல் சந்தனப் பேழையில் வைத்து எம்.ஜி.ஆருக்குப் பக்கத்திலேயே புதைத்ததில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மெரினாவை மக்களின் இடமாக ஆக்கியது எம்.ஜி.ஆர். சமாதி. 1987 டிசம்பர் 24 அன்று மறைந்த அவரைக் கைக்கடிகாரத்தோடு புதைத்தார்கள், அது இன்னும் ஓடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. வருகிறவர்கள் கல்மேல் காது வைத்துக் கேட்கிறார்கள். அப்பா பிள்ளையைத் தூக்கிப் பிடிக்க, பிள்ளை காதை ஒட்டிவைத்து, ‘கேக்குதுப்பா’ என்கிறது. கட்டடக் கலைஞர் யாரும் வரைந்து தராத வழிபாடு இது. இந்த வளாகத்தின் வளைவுகளையும் சிற்பங்களையும் விட நெடுநாள் நிற்கப்போவது இதுதான் என்று தோன்றுகிறது.

பாரிஸ் நகரின் பான்தியோனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தேவாலயமாகக் கட்டப்பட்ட அதை, 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு நாட்டின் பெருமக்களுக்கான கல்லறையாக்கியது. முதலில் வைக்கப்பட்டவர் மிராபோ. அரசனோடு அவர் வைத்திருந்த இரகசியத் தொடர்பு வெளிப்பட்ட பிறகு உடலை வெளியே எடுத்துவிட்டார்கள். 1902இல் மறைந்த எமில் சோலா 1908இல்தான் உள்ளே வந்தார். 1934இல் மறைந்த மேரி கியூரி 1995இல். யாரை வைப்பது என்று அங்கே பெரும்பாலும் பல ஆண்டுகள் யோசித்து முடிவெடுக்கிறார்கள். மெரினாவிலோ முடிவு ஓரிரவில் நடந்தாக வேண்டும்.

2018 ஆகஸ்ட் 7 மாலை கருணாநிதி மறைந்தபோது அதுதான் நடந்தது. கிண்டி காந்தி மண்டபம் அருகே இரண்டு ஏக்கர் தருவதாக அன்றைய அரசு சொன்னது, தி.மு.க. இரவோடு இரவாகச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாள் காலை அனுமதி கிடைத்தது. மாலையில் அவர் தம் தலைவர் அண்ணாவுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். தம்பி அண்ணன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அன்று நின்ற கூட்டத்தின் தவிப்பு, கட்சி கடந்து புரிந்துகொள்ளத் தக்கது.

ஜெயலலிதாவுக்குப் பீனிக்ஸ் பறவை வடிவிலான நினைவிடம் 2021 ஜனவரி 27 அன்று திறக்கப்பட்டது. 2.21 ஏக்கரில் அமைந்த கருணாநிதி நினைவிடம் 2024 பிப்ரவரி 26 அன்று திறக்கப்பட்டது. அதன் தரைக்குக் கீழே ‘கலைஞர் உலகம்’ என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. இராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் ஆகியோரின் நினைவிடங்கள் கிண்டியில் உள்ளன. அங்கே இந்தக் கூட்டம் கிடையாது.

பேருந்தில் வருவோர் அண்ணா சதுக்கத்தில் இறங்கலாம். ஒவ்வொரு பிப்ரவரி 3 அன்றும் தி.மு.க.வின் அமைதிப் பேரணி வரும், டிசம்பரில் அ.தி.மு.க. தொண்டர்கள் வருவார்கள். பலர் செருப்பைக் கழற்றிவிட்டே சமாதியை நெருங்குகிறார்கள். நண்பகலில் கல்தரை சுடும் என்பதால், குழந்தைகளோடு வருகிறவர்கள் காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ வருவது நல்லது.