பண்டாரசாமி

கையில் காசில்லாமல் அலைகிறவனைக் காரைக்குடிப் பக்கம் 'பண்டாரம் பரதேசி' என்பார்கள். கூப்பிடு தூரத்துக் குன்றக்குடியில் சைவ ஆதீனம் இருக்கிறது. ஆதீனத் தலைவர்களுக்கு மரபாக வழங்கிய பட்டம் 'பண்டாரசந்நிதி'. ஒரே சொல் தெருவில் திருவோடு ஏந்துகிறது, மடத்தில் பீடமேறுகிறது.

சொல்லின் பிறப்பிடம் கருவூலம். பண்டம் வைக்கும் வீட்டைக் குறித்த 'பாண்டாகாரம்' என்ற வடசொல் தேய்ந்து 'பண்டாரம்' ஆயிற்று. சோழர் கல்வெட்டுகளில் கோயில் கருவூலம் 'ஸ்ரீபண்டாரம்'. சுவடிகள் காத்த இடம் 'சரசுவதி பண்டாரம்'. சாவி வைத்திருந்தவன் பண்டாரி. கடல் கடந்த சொல் மலாய் அரசுகளில் 'பெண்டஹாரா' என்னும் தலைமை அமைச்சரானது. இன்றும் மலேசியாவில் சங்கப் பொருளாளர் 'பெண்டஹாரி'தான்.

தமிழ்நாட்டில் நடந்ததோ வேறு. கோயில் பண்டாரத்தோடும் பணியோடும் ஒட்டி வாழ்ந்த சிவனடியார்களுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. கருவூலத்தின் பெயரைத் தாங்கியவருக்குச் சொந்தமாக ஒரு செப்புக்காசும் கிடையாது. பிறகு, பண்டாரம் என்றாலே ஒன்றுமில்லாதவர் என்றாயிற்று.

இந்தச் சொல்லைத்தான் 17ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவிகள் எடுத்து உடுத்தினார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, 'நான் பரங்கி அல்லன், உயர்குடியில் பிறந்தவன்' என்று அறிவித்து, பிராமண சந்நியாசிக் கோலம் பூண்டார். தத்துவபோதகர் என்பது அவர் பெயர். உயர்குலத்தார் வீட்டுக் கதவைத் திறக்க அவர் கண்ட வழி அது. ஆனால் அந்தக் கோலத்தோடு தாழ்த்தப்பட்டோர் குடிசைக்குள் வெளிப்படையாகப் போக முடியவில்லை. நற்செய்திக்காக ஏறிய மேடையிலிருந்து இறங்க வழியில்லை.

ஆகவே 1640இல் பல்தசார் தா கோஸ்தா என்ற துறவி வேறு கோலம் எடுத்தார். காவியும் கடுக்கனுமாக எல்லாச் சாதியாரிடமும் போகக்கூடிய 'பண்டாரசுவாமி' பிறந்தார். ஒரே சபைக்குள் மேல்தட்டுச் சாமி ஒருவர், கீழ்த்தட்டுச் சாமி ஒருவர் என்று ஆனது அந்தத் திருப்பணியின் ஆறாத வடு. ஆனாலும் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனது பண்டாரத்திடந்தான்.

அந்தப் பண்டாரசுவாமிகளில் ஒருவர் ஜான் தெ பிரிட்டோ, நம் ஊர்க்காரர்களுக்கு அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பெருங்குடியில் பிறந்து, இளவரசர் பேதுருவின் பணியாளாக அரண்மனையில் வளர்ந்தவர். சிவகங்கைச் சீமை தனியாகப் பிரியாத காலத்து மறவர் நாட்டில் பண்டாரசாமியாகச் சுற்றினார், பிடிபட்டு வதைபட்டார். சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது, பழைய தோழர் அரசராகியிருந்தார். அரண்மனையிலேயே இருந்துவிடச் சொன்னார். அருளானந்தர் 1690இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று, தேவகோட்டை, திருவாடானை தாண்டி இருக்கும் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதரானார்.

பெயரின் பின்பாதியையும் பார்க்க வேண்டும். 'சுவாமி' என்றால் உடையவர், சொத்துக்குச் சொந்தக்காரர். பண்டாரம் ஒன்றுமில்லாதவர், சுவாமி எல்லாம் உடையவர். இரண்டையும் ஒட்டவைத்த பெயரில் எந்தப் பாதி கனக்கும் என்பதே கேள்வி. வழக்கில் முன்பாதி உதிர்ந்தது. குருமார் குடியிருக்கும் கோயில் வீட்டில் 'சாமி' மட்டும் தங்கினார்.

திருச்சபையின் மற்றப் பட்டங்களுக்கும் இதே கதிதான். 'பாப்பா' என்பது குழந்தை தகப்பனைக் கூப்பிடும் கிரேக்கச் சொல். நகரத்தார் வீட்டில் 'அப்பச்சி' என்பதுபோல. நாம் அதோடு 'அரசர்' சேர்த்துப் பாப்பரசர் ஆக்கினோம். 'திருத்தந்தை' என்று திருத்திக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. 'டீக்கன்' கிரேக்கத்தில் பணிவிடைக்காரன். இன்று அது குருப்பட்டத்துக்கு முந்தைய ஒரு படி. ஆடு மேய்க்கும் 'ஆயர்' திருவிழா நோட்டீசில் 'மேதகு ஆயர்' ஆகிறார். மேய்ப்பனுக்கு எதற்கு மேதகு என்று நோட்டீசு அச்சடிக்கிற எவரும் கேட்பதில்லை. பெயர் எவ்வளவு தாழ்ந்து பிறந்தாலும், பதவி ஆசை அதற்கு ஒரு முன்னொட்டைத் தேடித் தந்துவிடுகிறது.

பதவி என்பது கைக்கு வந்த சாவிதான், சொத்து அல்ல. செட்டிநாட்டுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து லட்சங்களைப் புரட்டியவர் ஏஜெண்டு. ஊரே அவரைப் பார்த்து எழுந்து நின்றிருக்கும். மூன்று வருடத் தவணை முடிந்ததும் பெட்டிச்சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்து முதலாளி முன்னால் ஐந்தொகையை வைப்பார். சாவி இருந்ததே தவிர, பெட்டி அவருடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. பண்டாரி என்ற பழைய சொல்லுக்கும் அவ்வளவுதான் பொருள்.