சீட்டு இறங்கிய கதை

“அண்ணே, நூத்தம்பதா நூத்தெழுபதா?” சாலாக் செலாத்தான் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்டும் தம்பிகள் இப்போது அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். டிராப்பர் போஸ்ட் எத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். டிராப்பர் என்றால் அலுவலக நாற்காலியை நினைத்துக்கொள்ளலாம். கைப்பிடியில் இருக்கும் விசையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட்டு இறங்கும், எழுந்துகொண்டு அழுத்தினால் தானே ஏறிவரும். கடைக்காரர் ஒரு எண் சொல்வார், யூடியூப் இன்னொரு எண் சொல்லும். ஆனால் இந்தச் சாமானுக்கு நாற்பது வருஷக் கதை இருக்கிறது. அது தெரிந்தால் கடையில் ஏமாறுவது கொஞ்சம் குறையும்.

முதலில் சீட்டு ஏன் இறங்க வேண்டும்? மேட்டில் மிதிக்கும்போது கால் கிட்டத்தட்ட முழுதாக நீள வேண்டும், அப்போதுதான் தொடையின் பலம் பெடலுக்குப் போகும். அதற்கு உயரமான சீட்டு வேண்டும். செங்குத்தான இறக்கத்திலோ உடம்பைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் முன்சக்கரம் வேரில் மாட்டும் கணத்தில் ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார். அங்கே அதே உயரமான சீட்டு குறுக்கே நிற்கிறது. ஒரே சைக்கிள், ஒரே ஆள், இரண்டு உயரம்.

நம் தாத்தாக்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவர்களுடைய ராலே சைக்கிளில் சீட்டை ஸ்பேனரால் ஒருமுறை முடுக்கினால் முடிந்தது. கியர் கிடையாது. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார்கள். தோட்டத்தில் சைக்கிள் செம்மண் சாலை வரைக்கும்தான், தீம்பாருக்குள் நிரை நிரையாக நடைதான், பால் தோளில் காண்டா வாளியில் வரும். 1941 டிசம்பர் 8இல் கோத்தாபாருவில் இறங்கி 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூருக்குள் நுழைந்த ஜப்பானியப் படைக்கும் சைக்கிள்தான் கால். பாலம் தகர்க்கப்பட்டிருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் அந்த இரைச்சல் டாங்கி வருவதுபோல் கேட்டது என்றும் படைத் திட்டத்தில் பங்கெடுத்த மசநோபு சுஜி எழுதியிருக்கிறார். கரடுமுரடான இடத்தில் சைக்கிள் ஓட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மேட்டை மிதித்தே ஏறி, அதே மேட்டில் வேகமாக இறங்குவதுதான் புதிது.

அந்தப் புதுப் பழக்கம் பிறந்த இடம் அமெரிக்காவின் மாரின் பகுதி. 1976 அக்டோபர் 21இல் அங்கே ஒரு மண்பாதையில் ரீபேக் என்ற பந்தயம் முதன்முறையாக நடந்தது. பழைய கனத்த சைக்கிள்களை மேலே கொண்டுபோய் உருட்டிவிடுவார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் கருகிவிடும், மறுபடி அடைக்க வேண்டும். பெயர் அப்படி வந்தது. சீட்டு தாழ்வாகவே இருக்கும், ஏறுவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பிறகு அதே சைக்கிளில் கியர் மாட்டினார்கள். மிதித்தே மேலே போக முடிந்தது. அந்த நாளிலிருந்துதான் சீட்டு தொல்லை கொடுக்க ஆரம்பித்தது.

முதல் விடை விரல் அளவுதான். சீட்டுக் கம்பத்தைப் பிடிக்கும் இடத்தில் நெம்பும் பிடி வைத்தார்கள், ஸ்பேனர் வேண்டாம். அப்படியும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் இறங்கி, சீட்டை அமுக்கி, நேராக்கி, முடுக்க வேண்டும். ரீபேக்கில் ஓட்டியவரும் சைக்கிள் கட்டுபவருமான ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சலோடு சேர்ந்து 1980களின் முதல் பாதியில் ஹைட் ரைட் என்ற ஒரு வளைந்த ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தார். பிடியைத் தளர்த்தி உட்கார்ந்தால் சீட்டு இறங்கும், தளர்த்தி எழுந்தால் ஸ்பிரிங் அதே உயரத்துக்கு நேராகத் தூக்கிவிடும். ஓடிக்கொண்டே செய்யலாம், தைரியம் இருந்தால். என் கணக்கில் இன்றைய டிராப்பரின் யோசனை முழுக்க அந்த ஸ்பிரிங்கிலேயே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் காற்றையும் எண்ணெயையும் சேர்த்தார்கள், விலையையும்.

நல்ல யோசனைதான், ஆனாலும் பத்து வருஷத்தில் காணாமல் போனது. 1990இல் முதல் உலகப் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் என்று மலைச் சைக்கிள் பந்தய விளையாட்டாகிவிட்டது. அந்தப் பந்தயங்களில் வெற்றி பெரும்பாலும் ஏற்றத்தில் முடிவானது. எல்லாரும் கிராம் எண்ணினார்கள். சீட்டு உயரத்திலேயே நின்றது, இறக்கத்தில் பயந்தால் அது உன் பாடு. பந்தயக்காரன் என்ன மாட்டுகிறானோ அதையே ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவனும் மாட்டினான். இது இன்றைக்கும் நடக்கிற கூத்துதான்.

2000களின் தொடக்கத்தில் கிராவிட்டி டிராப்பர் வந்தது. அழகு கிடையாது, மேலே ரப்பர் உறை சுருங்கி விரியும், உள்ளே ஒரு ஊசி ஓட்டையில் விழுந்து பூட்டும். ஆனால் கையை எடுக்காமலே சீட்டு இறங்கியது. கிராங்க்பிரதர்ஸின் ஜாப்ளின், 2010இல் ராக்ஷாக்ஸின் ரிவெர்ப் என்று பெரிய கம்பெனிகள் நுழைந்தன. 2013இல் எண்டுரோ உலகத் தொடர் தொடங்கியதும் கணக்கே தலைகீழ். ஏற்றத்தை மிதித்தே ஆக வேண்டும், ஆனால் கடிகாரம் இறக்கத்தில் மட்டும் ஓடும். டிராப்பருக்கென்றே எழுதிய சட்டம் மாதிரி. 100 மில்லிமீட்டராக இருந்த இறக்கம் 125, 150, 170 என்று வளர்ந்து 200ஐத் தாண்டியது, சீட்டுக் குழாயைக் குட்டையாக்கிச் சைக்கிள்களும் வழிவிட்டன. 2022 மார்ச்சில் மிலான்–சான்ரெமோ சாலைப் பந்தயத்தில் மாத்தேய் மொஹோரிச் டிராப்பர் மாட்டிக்கொண்டு போஜியோ இறக்கத்தில் எல்லாரையும் விட்டுவிட்டுப் போய் ஜெயித்தார். அது வேறு கதை.

நமக்கு வேண்டிய கதை புக்கிட் கியாராவில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் புது டிராப்பர் வாங்குகிறவர் அதைச் சோதிக்கப் பெரும்பாலும் போவது தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய அந்த மேட்டுக்குத்தான். பாதையின் இருபக்கமும் கித்தா மரம். காடு என்று நினைத்து ஓட்டுகிறோம், அது தோட்டம். புக்கிட் கியாரா தோட்டத்து நிலம் அரசாங்கத்துக்குப் போனது. அதில் கோல்ஃப் வந்தது, குதிரையேற்றம் வந்தது, பூங்காத் திட்டம் வந்தது. பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களை 1982இல் நீள்வீடுகளுக்கு மாற்றினார்கள், தற்காலிகம் என்று சொல்லி. மாரினில் பிறந்த சைக்கிளைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

கியாராவின் ஒற்றையடிப் பாதைகளை உண்டாக்கியவர்கள் தன்னார்வலர்கள். டிராக்ஸ் என்ற சங்கத்தார் மண்வெட்டியும் கையுமாக மழைநீர் ஓட வழி வெட்டிவிடுவதால்தான் அந்தப் பாதைகள் நிற்கின்றன. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மேட்டைப் பற்றிய பேச்சில் சைக்கிளும் பசுமையும் சத்தமாகக் கேட்கும் அளவுக்கு நீள்வீடு கேட்பதில்லை. 2017இல் தாமான் ரிம்பா கியாராவில் அடுக்குமாடிகள் கட்டக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. நீள்வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகளும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருந்தன. பூங்காவைக் காக்கக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. பூங்கா தப்பியது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்ப்பு வந்த அன்றும், நாற்பத்தோரு வருஷம் கழித்து, அந்தக் குடும்பங்கள் நீள்வீட்டில்தான் இருந்தன. பூங்காவையும் அவர்கள் வீட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியது யார் என்று கேட்க வேண்டிய கடமை, அந்த மேட்டில் சீட்டை இறக்கி ஜாலியாகப் போகிற நமக்கும் உண்டு.

சரி, நூத்தம்பதா நூத்தெழுபதா?

கியாராவில் அரைமணி நேரம் ஏறி அரைமணி நேரம் இறங்கும் மலையில்லை. சின்ன ஏற்றம், சின்ன இறக்கம், வேர், திருப்பம், மறுபடி ஏற்றம். ஒரு சுற்றுக்குள் கட்டைவிரல் ஓயாமல் விசையைத் தேடும். அங்கே 20 மில்லிமீட்டர் கூடுதல் இறக்கத்தைவிட, லேசாக அழுங்கும் விசையும், நூறாவது தடவையும் மேலே வரும் கம்பமும் முக்கியம். என் பரிந்துரை கேபிளில் இயங்கும் போஸ்ட். ஆரம்பகால ஹைட்ராலிக் போஸ்டுகளில் எண்ணெய்க்குள் காற்று புகுந்து சீட்டு மெத்தை மாதிரி அமுங்கும் வியாதி பேர்போனது. இன்றைக்குள்ளவை தேவலை, வயரே இல்லாத மின்கலப் போஸ்டும் வந்துவிட்டது. ஆனால் நம்மூர் மழையிலும் செம்மண் சேற்றிலும் எதுவும் ஒருநாள் மக்கர் பண்ணும். கேபிள் என்றால் எந்தச் சைக்கிள் கடையிலும் சில வெள்ளிக்கு மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் காற்று உருளை தனியாக மாற்றக் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

பிராண்டுக்கு முன்னால் மூன்று அளவு. முதலாவது குறுக்களவு: 27.2, 30.9, 31.6, 34.9 என்பவை வழக்கமானவை. பழைய கம்பத்தின் அடியில் பெரும்பாலும் பொறித்திருக்கும். 31.6 குழாயில் 30.9 போஸ்டை ஒரு மெல்லிய உறை வைத்துப் போடலாம், திருப்பிச் செய்ய முடியாது. பழைய சைக்கிளின் 27.2 குழாய்க்குப் போஸ்ட் வகைகளும் குறைவு, இறக்கமும் குறைவு. இரண்டாவது, குழாய்க்குள் எவ்வளவு ஆழம் போகும். பழைய கம்பத்தை முட்டும் வரை இறக்கிப் பாருங்கள், குழாய் வளைவோ தண்ணீர் பாட்டில் திருகோ தடுக்கும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மிதிக்கச் சரியான உயரத்தில் சீட்டை வைத்து, குழாயின் வாயிலிருந்து சீட்டின் அடிக் கம்பிகள் வரை அளந்துகொள்ளுங்கள். 220 மில்லிமீட்டர் வருகிறது என்று வைப்போம். போஸ்டின் கழுத்தும் தலையும் சேர்ந்து சுமார் 40 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 180. ஆக 170 பொருந்தும், 200 வாங்கினால் சீட்டு எப்போதும் உயரமாகவே நிற்கும், கால் எட்டாது. அளந்து 150தான் வருகிறதென்றால் 150 போதும், உயரம் குறைந்தவர்களுக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சட்டத்தில் உள்ளே வயர் போக ஓட்டை இல்லாத சைக்கிள் என்றால் வெளியே வயர் ஓடும் போஸ்ட் இருக்கிறது. அதுக்கும் காசு பத்தாதா? நெம்பும் பிடி ஒன்று மாட்டுங்கள். கழுவும்போது கம்பத்தின் கழுத்தில் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஞாயிறு காலை கியாராவுக்குப் போகும்போது நீள்வீடு எந்தப் பக்கம் என்று கேட்டு அந்த வழியாகவும் ஒருதரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சாலை தட்டையாகத்தான் இருக்கும், சீட்டை இறக்க வேண்டியதில்லை.