வரைபடமும் வாக்குறுதியும்

நிலத்தைக் கற்பது ஒரு துறை; நிலத்தை ஆள்வது பிறிதொரு துறை. இரண்டிலும் முதன்மை எய்தியோர் அரியர். அவ்வரியோருள் ஒருவர் அங்கேரி நாட்டின் பால் தெலெக்கி (1879–1941).

பிரபு குடும்பத்தில் பிறந்த தெலெக்கி, யப்பான் தீவுகளின் பண்டைய நிலப்படங்களை ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட பெருநூலால் அறிஞருலகில் அறியப்பட்டார். முதல் உலகப்போரில் அங்கேரி தோல்வியுற்றதும் அக்கல்வி அரசியலுக்குப் பயன்பட வேண்டியதாயிற்று. 1910ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பைக் கொண்டு அவர் இனப்பரவல் வரைபடம் ஒன்றை அமைத்தார். அங்கேரியரைச் செந்நிறத்தால் காட்டியமையின் அது 'சிவப்பு வரைபடம்' எனப் பெயர் பெற்றது. நிறப்பரப்பு மக்கள் தொகைக்கேற்ப அளக்கப்பட்டது. மக்கள் அருகிய மலைப்புறங்கள் வெண்மையாக விடப்பட்டன. முறை அறிவியல் சார்ந்ததே. எனினும் செம்மை கண்ணைக் கவர்ந்தது. ருமேனியர் வாழ்ந்த மலைநிலமோ வெறுமையாய்த் தோன்றியது. வரைபடம் சான்றாக மட்டுமன்றி வழக்குரைஞராகவும் நின்றது. வென்ற நாடுகள் அவ்வழக்கை ஏற்கவில்லை. 1920 சூன் 4ஆம் நாள் கையெழுத்தான திரியனான் உடன்படிக்கையால் அங்கேரி ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நிலத்தை இழந்தது.

அடுத்த மாதமே தெலெக்கி தலைமை அமைச்சரானார். பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய சட்டம் அவர் ஆட்சியிலேயே நிறைவேறியது. 1921இல் பதவி நீங்கிப் பேராசிரியப் பணியை மேற்கொண்டார். பின்னர் மோசூல் எல்லைச் சிக்கலை ஆராய்ந்த உலக நாடுகள் சங்கத்தின் குழுவிலும் பணியாற்றினார்.

1939இல் மீண்டும் ஆட்சிப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே யூதர்க்கெதிரான இரண்டாம் சட்டம் வந்தது. அதே ஆண்டு, போலந்தைத் தாக்கிய செருமானியப் படைக்கு வழிவிட மறுத்து, போலந்து அகதிகளுக்கு எல்லையைத் திறந்தவரும் அவரே. 1940 திசம்பரில் யூகோசுலாவியாவுடன் நிலையான நட்புக்கு உடன்படிக்கை செய்தார். நான்கு திங்கள் கழியுமுன் அந்நாட்டைத் தாக்க இட்லர் துணை வேண்டினார், அங்கேரி இசைந்தது. 1941 ஏப்பிரல் 3ஆம் நாள் தெலெக்கி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். ஆட்சித் தலைவர் ஓர்த்திக்கு விட்டுச்சென்ற மடலில், சொன்ன சொல் தவறியதற்கு நாணி, அக்குற்றத்தில் தம் பங்கையும் ஒப்பினார்.

2004இல் புடாபெசுட்டில் அவருக்குச் சிலை நிறுவ எண்ணியபோது எதிர்ப்பு எழுந்தது. அச்சிலை பின்னர், போலந்து அகதிச் சிறார் கல்வி பயின்ற பாலத்தோன்பொக்லார் என்னும் ஏரிக்கரை ஊரில் நிறுவப்பெற்றது. அடைக்கலம் தந்ததை அவ்வூர் நினைவுகூர்கிறது. கல்விக்கதவு அடைக்கப்பட்டோரின் வழியினர் மறக்க இயலாததும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே எழுதுவதே அவர் வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகும்.