மருமகனுக்காகப் போன கொங்குப் படை

தாய்மாமன் உறவு நம் கொங்குப் பக்கத்தில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதுகுத்தோ கல்யாணமோ, அவர் சீர் வராமல் காரியம் நடக்காது. 850 வருஷத்துக்கு முன்னால் கொங்கில் இருந்த ஒரு தாய்மாமன், மருமகனுக்குப் படையையே அனுப்பி வைத்தார்.

மருமகன் பெயர் குலசேகர பாண்டியன். 1166-ஐ ஒட்டி, மதுரை சிம்மாசனத்துக்காக அவனுக்கும் பராக்கிரம பாண்டியனுக்கும் சண்டை மூண்டது. குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டதும், பராக்கிரமன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆளனுப்பினான். இலங்காபுரன் என்ற தளபதியின் தலைமையில் படை புறப்பட ஏற்பாடானது. அது வந்து சேருமுன்பே மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரமன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். வீரபாண்டியன் என்ற பிள்ளை மட்டும் தப்பினான். உதவி கேட்டவனே போன பிறகும் இலங்கைப் படை திரும்பிப் போகவில்லை. ராமேசுவரம் பக்கம் இறங்கி, அந்தப் பிள்ளையை அரியணை ஏற்றுகிறோம் என்று மதுரையை நோக்கி வந்தது.

அப்போதுதான் குலசேகரனின் தாய்மாமனுடைய கொங்குப் படைகள் அவன் பக்கம் நின்று போரிட்டன. இந்தச் செய்தி நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? சூளவம்சம் என்ற இலங்கையின் பாலி மொழி நூலில் இருந்து. எதிராளி எழுதி வைத்ததால் நம்மவர் போனது தெரிகிறது!

அங்கே போயும் ஜெயிக்க முடியவில்லை. குலசேகரன் சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் ஓடினான். இலங்கைப் படை சோழ நாட்டு எல்லைக்குள்ளும் புகுந்ததால் மக்களுக்குக் கிலி பிடித்தது. எதிரிலிசோழ சம்புவராயர் என்ற பெரிய அதிகாரி, உமாபதிதேவர் என்ற சிவாசாரியாரிடம் போய் முறையிட்டார். அவர் 28 நாள் பூஜை செய்தார். பிறகு பல்லவராயர் ஜெயித்த செய்தி வரவே, காஞ்சிபுரம் அருகே உள்ள ஆர்ப்பாக்கம் கிராமத்தை அவருக்குக் கொடுத்தார் சம்புவராயர். அந்த ஊர்க் கல்வெட்டே இதைச் சொல்கிறது.

பல்லவராயர் இலங்கைத் தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடித்து மாட்டினார் என்கிறது மாயவரம் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு. சூளவம்சத்திலோ இலங்கைக்கு வெற்றிமேல் வெற்றிதான். தளபதி என்ன ஆனார் என்ற பேச்சே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே விவகாரத்தில் இரண்டு தரப்பும் குறிப்பு எழுதியிருந்தால், எது எழுதப்படவில்லை என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு லூயி மன்னர்களின் வரிசைதான் மனப்பாடம். ஐரோப்பாவிலும் அப்போது இதே கதைதான். பிற்காலத்தில் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டென்மார்க்காரர்கள் நாட்டில், 1157-ல் சுவேன், கனூட், வால்டமார் என்று மூன்று பேர் ராஜ்யத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சமாதான விருந்திலேயே சுவேனின் ஆட்கள் கனூட்டைக் கொன்றார்கள். காயத்தோடு தப்பிய வால்டமார், சில வாரங்களில் போரில் ஜெயித்தான், சுவேனும் செத்தான். அங்கே அந்த வருஷத்தோடு முடிந்தது, இங்கே முடியவில்லை.

சோழன் தயவால் மீண்டும் மதுரை பெற்ற குலசேகரனைப் பராக்கிரமபாகு பரிசுகள் அனுப்பித் தன் பக்கம் இழுத்தான். வாசலில் இருந்த தலைகளை குலசேகரன் எடுக்கச் சொன்னான். அவனுக்கு வந்த இலங்கைக் கடிதங்கள் சோழர் கையில் சிக்கின. சோழப்படை மறுபடி கிளம்பி குலசேகரனை விரட்டியது. பிறகு, எந்த வீரபாண்டியனை எதிர்த்து இத்தனை காலம் சண்டை போட்டார்களோ, அதே பிள்ளையைச் சோழர்களே மதுரை சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள்.