மூன்றில் ஒரு பங்கு

ஒரு ரூபாயை உடன்பிறந்தார் மூவர் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1957ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி வரையில் இது எளிய கணக்கு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி. ஆளுக்கு 64 தம்பிடி. அதாவது ஐந்தணா நான்கு தம்பிடி. மீதி ஏதும் இல்லை.

மறுநாள், ஏப்ரல் 1ஆம் தேதி, தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. இப்போது ஆளுக்கு 33 பைசா. ஒரு பைசா மீதி. அந்தப் பைசாவைப் பத்துக் கூறாக்கினால் ஆளுக்கு மூன்று கூறு. மறுபடி ஒரு கூறு மீதி. அதையும் பத்தாக்கினால் அதே கதை. ரூபாயில் எழுதினால் 0.3333 என்று மூன்றுகள் முடிவின்றித் தொடரும்.

ரூபாயும் அதுவே, உடன்பிறந்தாரும் அவர்களே. முதல்நாள் முடிந்த கணக்கு மறுநாள் முடியாமற் போனதேன்? பங்கு மாறவில்லை, அளக்கும் கோல் மாறிற்று. 192 என்ற எண்ணை மூன்று வகுக்கும்; பத்தையோ, பத்தைப் பத்தால் எத்தனை முறை பெருக்கி வரும் எண்ணையோ மூன்று வகுக்காது. ஐவர் பங்கிட்டால் நிலைமை நேர்மாறு. பழைய கணக்கில் தம்பிடி உடைபடும். புதிய கணக்கில் ஆளுக்குச் சரியாக 20 பைசா.

பண்டைய பாபிலோனியர் 60ஐ அடியாகக் கொண்டு எண்ணினர். அறுபதில் மூன்றிலொரு பங்கு 20. அங்கே அவர்களுக்கு இடர்ப்பாடு இல்லை. ஆனால் ஏழு அறுபதை வகுப்பதில்லை. அவர்களுடைய களிமண் பலகைகளில் உள்ள தலைகீழ் எண்களின் வாய்பாடுகள் பெரும்பாலும் ஏழைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. எந்த அடியைக் கொண்டாலும் முடிவுறாப் பின்னம் ஒன்று எதிர்ப்படத்தான் செய்யும்.

பத்தை அடியாகக் கொண்ட இடமதிப்பு முறை பாரதத்தின் கொடை. எனினும் நம் முன்னோர் பின்னங்களை மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு எண்களால் எழுதினார்களேயன்றித் தசமமாக நீட்டி எழுதவில்லை. ஆகவே இந்தச் சிக்கல் அவர்களுக்கு எழவில்லை. 952ஆம் ஆண்டை ஒட்டி டமாஸ்கஸ் நகரில் இந்தியக் கணக்கு முறையைப் பற்றி நூல் எழுதிய அல்-உக்லிதிசியிடம் தசமப் பின்னங்கள் தோன்றுகின்றன. சமர்கண்டில் அல்-காஷி 1427இல் அவற்றை விரிவாக விளக்கினார். 1585இல் ஸ்டெவின் எழுதிய சிறு நூல் ஐரோப்பாவில் அவற்றைப் பரப்பிற்று. தசமம் பரவவே, முடியாத தசமமும் உடன் வந்தது. 1801இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் தம் பெருநூலில் அதன் ஒழுங்கை ஆராய்ந்தார்.

ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? ஒன்றை ஏழால் வகுத்துப் பாருங்கள். வகுக்கும்போது நிற்கும் மீதி 1 முதல் 6 வரை உள்ள எண்களில் ஒன்றாகவே இருக்க முடியும். ஆறு படிகளுக்குமேல் புதிய மீதிக்கு இடமில்லை. பழைய மீதி திரும்பி வந்தே தீரும். அது வந்தால் பழைய இலக்கங்களும் அதே வரிசையில் வரும். 142857, மறுபடி 142857. முடிவில்லை என்பது உண்மையே. ஆயினும் அதில் நாம் அறியாதது எதுவும் இல்லை. நூறாவது இலக்கம் எது என்றாலும் சொல்லிவிடலாம். அது 8.

இதைத் தமிழில் சுழல் தசமம் என்கிறோம். இந்தியில் ‘ஆவர்த்தி தசமலவ்’ என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல்லைக் காணும்போதெல்லாம் நம் இசையரங்கின் ஆவர்த்தனம் நினைவுக்கு வரும். ஏழிலொன்று, ஆறு அட்சரம் கொண்ட ரூபக தாளம் போன்றது. ஏழில் இரண்டு 285714; ஏழில் மூன்று 428571. தாளம் அதுவே, எடுப்பு மட்டும் வேறு.

இந்த வட்டங்களைத் தேடி வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த தேவளாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய த. ரா. காப்ரேகர் (1905–1986) அவர். முதுகலைப் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ அவருக்கு இல்லை. சுழல் தசமங்களின் வட்டங்களைப் பற்றி 1950இல் ஒரு நூலும், 1953இல் அதன் இரண்டாம் பகுதியும் வெளியிட்டார். பதின்மூன்றை எடுத்துக்கொண்டால், அதன் பன்னிரண்டு பின்னங்களும் 076923, 153846 என்ற இரண்டே வட்டங்களுள் அடங்கிவிடுகின்றன. இத்தகைய உண்மைகளைக் கையெழுத்துக் கணக்கால் திரட்டிய அவரைக் கற்றோர் பலர் பொருட்படுத்தவில்லை. 1975இல் அமெரிக்க இதழொன்றில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகே உலகம் அவரை அறிந்தது.

இனி நம் மூவரிடம் திரும்புவோம். ஆளுக்கு 0.333 என்று முடிவின்றிக் கொடுத்து மூன்றையும் கூட்டினால் 0.999 என்று முடிவின்றி வருகிறதே, ரூபாயில் ஏதோ குறைந்துவிட்டது அல்லவா என்று மாணவன் கேட்கிறான். கேட்க வேண்டிய கேள்வியே. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் 9.999 என்று வரும். அதிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் பின்னால் உள்ள ஒன்பதுகள் யாவும் ஒன்றுக்கொன்று நேராக நீங்கி 9 மட்டும் நிற்கும். ஒன்பது மடங்கு ஒன்பது என்றால் அந்த எண் ஒன்றேயாகும். ஒரு தம்பிடியும் குறையவில்லை. இடையில் எங்கேனும் எழுதுவதை நாம் நிறுத்திக்கொண்டால்தான் குறை உண்டாகும்.

கடைவீதியில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். 33, 33, 34 என்று கொடுத்து ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த விட்டுக்கொடுத்தல் காசின் இயலாமையால் வந்தது. கணக்கின் பிழையால் அன்று. இதை மாணவனுக்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியர், முடியாத கணக்கைக் கண்டு அவன் அஞ்சாதிருக்கவும் செய்துவிடுகிறார்.